தங்கத்துக்கு எந்த நாள் நல்ல நாள்?

தங்கம் என்றால் பெட்டிக்குள் பூட்டி வைக்கும் பொருள் என்றே நம் குடும்பங்களில் வெகு காலமாக எண்ணி வந்தோம். 2007-ஆம் ஆண்டில் தங்க நிதிகளின் யூனிட்டுகள் இந்தியப் பங்குச் சந்தைக்கு வந்தன. 2022-இல் வெள்ளியும் அவ்வாறே வந்து சேர்ந்தது. இவற்றில் செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, திருடன் பயமும் இல்லை. ஆனால் வருமான வரி இலாகா என்று ஒன்று இருக்கிறதே!

உலோகம் ஒன்றுதான். அது எந்த உருவில் இருக்கிறது என்று பார்த்தே சட்டம் கெடு வைக்கிறது. சந்தையில் விற்கும் யூனிட்டுகளைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவிகிதம் வரி. அந்த யூனிட்டுகளையே வாங்கி வைக்கும் வேறொரு வகைப் பரஸ்பர நிதியில் பணம் போட்டவர்களும், நகையாகவோ காசாகவோ வைத்திருப்பவர்களும் இருபத்து நான்கு மாதம் பொறுக்க வேண்டும். கெடுவுக்கு முன் விற்றால், லாபம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து அவரவருக்குரிய விகிதத்தில் வரிக்கு உள்ளாகும்.

இதைப் பற்றி நமக்கு அதிகக் குறையில்லை. விதிகளை ஓயாமல் மாற்றுவதுதான் நமக்குப் பிடிக்கவில்லை. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வாங்கிய தங்க நிதி யூனிட்டுகளுக்கு, எத்தனை காலம் வைத்திருந்தாலும் சலுகை இல்லை என்று முதலில் சட்டம் செய்தார்கள். பிறகு 2024 ஜூலை பட்ஜெட்டில் அதைத் திருத்தி, 2025 ஏப்ரலிலிருந்து விற்பவர்களை விடுவித்தார்கள். விளைவு என்ன? ஒருவர் 2023 மே மாதத்தில் சந்தையில் லட்ச ரூபாய்க்கு யூனிட்டுகள் வாங்கி, பெண்ணின் கலியாணத்துக்காக 2025 மார்ச்சுக் கடைசியில் விற்று, 40,000 ரூபாய் லாபம் அடைந்தார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது சதவிகித விகிதத்தில் உள்ளவரானால் அவருக்கு வரி 12,000 ரூபாய். ஒரு வாரம் கழித்து விற்றிருந்தால் 5,000 ரூபாய்தான். (செஸ் வேறு.) முகூர்த்தம் பார்த்த தகப்பனார் ஸர்க்காரின் பஞ்சாங்கத்தையும் புரட்டியிருக்க வேண்டும் போலும்!

விலைவாசி ஏற்றத்துக்குத் தக்கபடி கொள்முதல் விலையைக் கூட்டிக் கணக்கிடும் முறையும் அதே பட்ஜெட்டில் எடுபட்டுப் போயிற்று. வரி விகிதம் இருபதிலிருந்து இறங்கியது மெய்யே. தங்கம் வேகமாக விலை ஏறினால் புதிய முறையே அநுகூலம். மெதுவாக ஏறும் காலத்திலோ, ரூபாயின் மதிப்புக் குறைந்ததையும் லாபமென்று பெயரிட்டு வரி வாங்குவதாக முடியும். இது நியாயமாக நமக்குத் தோன்றவில்லை.

மனைவியின் பெயரில் வாங்கிவிட்டால் வரியே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். கணவன் தந்த பணமானால் லாபம் கணவனுடைய வருமானத்தில் சேரும். மாமனாரோ மாமியாரோ தந்ததானால் தந்தவருடைய வருமானத்தில் சேரும். பிறந்த வீட்டார் தந்ததும் அவளே சம்பாதித்ததும் மட்டுமே அவள் கணக்கு. வேறு வருமானம் இல்லாவிடில், அடிப்படை விலக்கு வரம்பு வரையில் நீண்டகால லாபத்துக்கும் அவள் வரி கட்ட வேண்டியதில்லை. ஆகவே வாங்கிய தேதிச் சீட்டோடு, பணம் யாரிடமிருந்து வந்தது என்பதற்கான பாங்குக் கணக்கையும் சேர்த்தே பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.