மிச்சம் பிடித்த கதையை எனக்குச் சொல்லாதேங்கோ

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் சித்தியின் மகன் என்னைப் பிடித்துக்கொண்டான். இருபத்திரண்டு வயது. 11 நாளில் ஆறு நாடு, மொத்தச் செலவு 390 யூரோ. போனில் எக்செல் அட்டவணையே வைத்திருக்கிறான். மூன்று இரவு விமான நிலையத் தரையில், இரண்டு இரவு பஸ்ஸில், ஒரு இரவு யாரோ ஒருவரின் சோபாவில். "ஒரு நாளைக்கு 36 யூரோகூட வரேல்ல அண்ணா" என்றான். எந்த ஊரில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "எல்லா இடத்திலயும் டோனர்தான்."

அடுத்ததாகத் தீவு ஒன்று வேண்டுமாம். சனம் போகாத தீவு, மலிவான தீவு. எல் இயெரோவுக்குப் போ என்றேன். இரண்டு நிமிடம் போனைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான். "அங்க அகதிப் படகெல்லாம் வருதாம் அண்ணா. பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். வேற தீவு சொல்லுங்கோ."

அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. ரோல்ஸைத் தின்றுவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் பிந்தித்தான் வரும். அவனுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அவனைப்போல இன்னும் பலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் தீவைப் பற்றி. எல் இயெரோ கனேரியத் தீவுகளின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. 268 சதுர கிலோமீட்டர், ஏறத்தாழ 11,000 பேர். நடுவில் 1,501 மீட்டர் உயரத்துக்கு மலை. ஐரோப்பாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. நாங்கள் ஜெர்மனியிலிருந்து தெனெரிஃபின் தென் விமான நிலையத்துக்குப் போய், பஸ் பிடித்து லோஸ் கிறிஸ்தியானோஸ் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் போகலாம். கப்பல் எல்லா நேரமும் இல்லை. முதலில் கப்பல் நாளைப் பார்த்துவிட்டுப் பிறகு விமான டிக்கெட் எடுங்கள். தலைகீழாகச் செய்தால் தெனெரிஃபில் ஒரு இரவு அறை எடுக்க வேண்டி வரும், மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். வட விமான நிலையத்திலிருந்து சின்ன விமானமும் இருக்கிறது.

கப்பல் டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். தீவுவாசிகளுக்கு 75 வீதம் கழிவு. நமக்கு இல்லை. இதை "டூரிஸ்டை ஏமாற்றுகிறார்கள்" என்று எழுதிய பெடியன்களை நான் பார்த்திருக்கிறேன். பெரிய சிகிச்சை என்றால் கடல் தாண்டிப் போகவேண்டியவர்களுக்கு அரசு கொடுக்கும் கழிவு அது. நீங்கள் கொடுப்பது முழுக் கட்டணம், அபராதம் இல்லை.

தீவுக்குள் பஸ் ஓடுகிறது. அங்கே அதற்குப் பெயர் குவாகுவா. சில்லறைக் காசுதான், ஆனால் ஒரு நாளைக்குச் சில தடவைதான் வரும். தவறவிட்டால் நடக்கவேண்டும். நடப்பது நல்லதும்கூட. ஃப்ரொந்தேராவிலிருந்து ஹினாமா என்ற பழைய மலைப்பாதையில் ஏறினால், கீழே வாழைத்தோட்டமும் அன்னாசித்தோட்டமும், நடுவில் மேகத்துக்குள் ஈரக் காடு, மேலே கல்வேலி போட்ட மாட்டுப் பட்டிகள் என்று ஒரே ஏற்றத்தில் மூன்று காலநிலை. முட்டிக்கு உத்தரவாதம் தரமாட்டேன். லா மசெத்தாவிலும் சார்க்கோ அசுலிலும் எரிமலைப் பாறைக்குள் கடல்நீர் தேங்கிய குளங்கள் இருக்கின்றன. குளிக்கக் காசில்லை. எல் சபினாரில் காற்று முறுக்கித் தரையோடு வளைத்துப்போட்ட மரங்கள். அதற்கும் காசில்லை.

மேகத்திலிருந்து தண்ணீர் பிடித்த மரம் ஒன்றும் இங்கே இருந்தது. காரோயே என்று பெயர். கறுவா மரத்தின் குடும்பம். மூடுபனி இலையில் பட்டுச் சொட்டும், கீழே குழி வெட்டித் தேக்குவார்கள், தீவின் ஆதிக்குடிகளான பிம்பாச்சேக்கள் அதைக் குடித்தே வாழ்ந்தார்கள். 1610இல் புயலில் அந்த மரம் விழுந்தது. இருபதாம் நூற்றாண்டில் அதே இடத்தில் அதே இன மரத்தை நட்டார்கள். இப்போதும் சொட்டுகிறது. நான் போன அன்று என் கண்ணாடியும் சொட்டியது.

பூமியின் முடிவு என்று ஒரு காலத்தில் ஐரோப்பியர் நினைத்தது இந்தத் தீவைத்தான். 1634இல் பிரெஞ்சு அரசன் பதின்மூன்றாம் லூயி பூச்சிய நெடுங்கோடு இதன் வழியாகத்தான் போகவேண்டும் என்று ஆணையிட்டான். பழைய ஜெர்மன் வரைபடங்களில் "ஃபெரோவுக்குக் கிழக்கே" என்று போட்டிருப்பது இதைத்தான். 1884இல் கிரீனிச் வந்த பிறகு உலகம் இந்தத் தீவை மறந்துவிட்டது.

பொறியியல் படித்தவன் என்பதால் காற்றாலையைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2014இல் திறந்த கொரோனா தெல் வியெந்தோ. ஐந்து காற்றாலைகள், மொத்தம் 11.5 மெகாவாட். காற்று மிஞ்சும்போது கீழ்க் குளத்துத் தண்ணீரை 600 மீட்டருக்கு மேலே உள்ள எரிமலை வாய்க்குள் ஏற்றி வைக்கிறார்கள். காற்று விழுந்ததும் அதே தண்ணீர் இறங்கிச் சுழலியைச் சுற்றுகிறது. 2019 கோடையில் தொடர்ந்து 24 நாள் டீசல் ஒரு சொட்டு எரிக்காமல் தீவு முழுக்க மின்சாரம் ஓடியது. காற்றே இல்லாத நாட்களில் டீசலுக்குத்தான் போகிறார்கள், அதை அவர்களும் மறைப்பதில்லை. வாடகைக்கார் எடுக்காமல் அந்தக் குளத்தின் விளிம்புவரை நடந்தே போனேன். உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று அரை மணித்தியாலம் பார்த்தேன்.

இனி என் வண்டவாளம். முதல் தடவை போனபோது முதுகலை ஆய்வேடு ஒப்படைத்த கையோடு போனேன், கையில் காசில்லை. பெட்டியில் ஐந்து கிலோ அரிசி, அம்மா வறுத்து அரைத்த தூள், 14 டின் மீன். ஆம், அத்திலாந்திக் நடுவில் மீனவர் தீவுக்கு டின் மீன் கொண்டுபோனேன். எட்டு நாளில், அறை வாடகை போக, தீவில் நான் செலவழித்தது 11 யூரோ. அதைப் பெருமையாக எழுதியும் வைத்தேன். அப்போது பலர் பாராட்டினீர்கள்.

அறை தந்த வயதான அம்மா மூன்றாம் நாள் கதவைத் தட்டினார். கையில் ஒரு தட்டு, அதில் பூப்போல வெட்டிய பாலாடைக்கட்டிக் கேக். அந்த ஊரில் அதற்குக் கேசதியா என்று பேர். என் அரைகுறை ஸ்பானிய மொழியில் எவ்வளவு என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. வெளியே சாப்பிடப் போகாமல் அறைக்குள்ளேயே சமைப்பதைப் பார்த்து, பிள்ளைக்குக் கையில் காசில்லை என்று நினைத்திருக்கிறார். உண்மையில் என் வங்கிக் கணக்கில் அடுத்த பயணத்துக்கு 900 யூரோ கிடந்தது.

அந்தக் கணக்கைப் பிறகு திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கடல்நீரைக் குடிநீராக்கிய தண்ணீரில் குளித்தேன். அவர்களின் வரியில் திருத்திய பாதையில் நடந்தேன். 14 வெற்று டின்னை விட்டுவிட்டு வந்தேன், அவை திரும்பவும் கப்பலேறித்தான் போகவேண்டும். தீவுக்கு நான் கொடுத்தது 11 யூரோ. அந்தப் பயணம் மலிவாக இருந்ததற்குக் காரணம் என் கெட்டித்தனம் இல்லை. மிச்சத்தை வேறு யாரோ கட்டினார்கள். இதைத்தான் இப்போது வீடியோ போடுகிறீர்கள். பாதுகாக்கப்பட்ட பைன் காட்டுக்குள் இரவோடு இரவாகக் கூடாரம் அடிக்கிறீர்கள், அனுமதி எடுத்து முறையாக முகாமிட ஓயா தெல் மோர்சியோ என்ற இடம் இருக்கும்போதே. சந்தையில் அத்திப்பழம் விற்கும் கிழவியோடு ஒரு யூரோவுக்கு மல்லுக்கட்டுகிறீர்கள். பிறகு ஊர் வந்து 180 யூரோ சப்பாத்து வாங்குகிறீர்கள்.

காசில்லாதவன் பயணம் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. காசில்லாமல் நன்றாகப் போகலாம். இரண்டாம் தடவை ஒன்பது நாள் போனேன், ஜெர்மனியிலிருந்து போய்வர எல்லாமாக 680 யூரோ. தெனெரிஃபைச் சுற்றிப் பார்க்கும் எண்ணத்தையே விட்டேன், கார் எடுக்கவில்லை, சீசன் இல்லாத நவம்பரில் போனேன். மிச்சமானதை ஊர்க் கடையில் செலவழித்தேன். தோலோடு அவித்து உப்புப் படிந்த உருளைக்கிழங்கு, அதற்குத் தொட்டுக்கொள்ள மோஹோ என்ற செத்தல் மிளகாய்ச் சம்பல், வறுத்த தானியத்தில் அரைத்த கோஃபியோ மா. அந்த மாவைக் குழைத்துத் தின்றபோது அம்மம்மாவின் குரக்கன் மா ஞாபகம் வந்தது. ஆறு நாட்டை ஒரு தீவாகக் குறை, ஒன்பது நாளும் அங்கேயே இரு, உன் 390 யூரோவுக்குக் கொஞ்சம் மேலே போட்டாலே போதும்.

இப்போது படகு விஷயம்.

தெற்கு முனையில் லா ரெஸ்திங்கா என்ற மீனவர் கிராமம். 2011 ஒக்டோபரில் கிராமத்துக்கு எதிரே கடலுக்கடியில் எரிமலை வெடித்தபோது முழுக் கிராமத்தையும் வெளியேற்றினார்கள். அந்த மீனவர்கள்தான் 1996இல், தாங்களாகவே கேட்டு, தங்கள் கடலின் ஒரு பகுதியை மீன்பிடிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள். செனகலிலிருந்தும் மொரித்தானியாவிலிருந்தும் வரும் கயூக்கோ என்ற மரப்படகுகள் இப்போது வந்து சேருவதும் அந்தத் துறைமுகத்துக்குத்தான். 2024இல் மட்டும் 20,000 பேருக்கு மேல் வந்தார்கள். 11,000 பேர் இருக்கும் தீவுக்கு. இந்தத் தீவைத் தவறவிட்டால் அடுத்த கரை அமெரிக்கக் கண்டம். அந்த ஆண்டு ஏப்ரலில் மொரித்தானியாவிலிருந்து புறப்பட்ட ஒரு படகு, பிணங்களோடு, பிரேசில் கரையில்தான் கண்டெடுக்கப்பட்டது. 2025 மே மாதம் ஒரு படகு லா ரெஸ்திங்காத் துறைமுகத்துக்குள்ளேயே கவிழ்ந்து ஏழு பேர் இறந்தார்கள். எல்லோரும் பெண்களும் சிறுமிகளும். கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தீவுச் சனத்துக்குக் களைப்பு இருக்கிறது, கோபமும் இருக்கிறது, மட்ரிட்டைத் திட்டாதவர் இல்லை. ஆனாலும் கம்பளி கொண்டு ஓடுகிறார்கள். காரணம் கேட்டால் வெனிசுவேலா என்கிறார்கள். 1948இல் பெரும் வறட்சி. மழையில்லாமல் ஆடுமாடு செத்து, அவர்களின் தாத்தாமார் அனுமதிப் பத்திரம் எதுவும் இல்லாமல் இரவில் பாய்மரப் படகேறி அத்திலாந்திக்கைக் கடந்து வெனிசுவேலாவில் போய் இறங்கினார்கள்.

நம்முடைய தாத்தாமார்கூட இல்லை தம்பி, அப்பாமார். என் அப்பா 1985இல் ரஷ்ய விமானத்தில் கிழக்கு பெர்லினில் இறங்கி, உள்ளூர் ரயிலேறி மேற்கு பெர்லினுக்கு வந்தவர். அந்த வழியால் அந்த நாட்களில் ஆயிரக்கணக்கான தமிழர் வந்தார்கள், ஜெர்மன் பத்திரிகைகள் அவர்களைப் பற்றி எழுதியதை நூலகத்தில் போய்ப் பார். அடுத்த வருடம், 1986 ஆகஸ்டில், 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இதே அத்திலாந்திக்கில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே, மூடுபனிக்குள் மிதந்துகொண்டிருந்தார்கள். ஒரு கப்பல் அவர்களை ஜெர்மனியிலிருந்து ஏற்றி வந்து நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. கண்டவர் ஒரு மீனவர். கரைக்குக் கொண்டுபோனார்கள். தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் பொய் சொன்னதற்காகக் கனடாவில் பலர் கொதித்தார்கள். அந்தக் கப்பலைப் பற்றி அப்பாவுக்கும் யாரோ சொன்னார்களாம். போக ஆசைப்பட்டாராம். "காசு காணேல்ல" என்பார். அவ்வளவுதான் காரணம். அவருக்கும் பட்ஜெட் ஒன்று இருந்தது.

நியூஃபவுண்ட்லாந்தில் அந்த ஆகஸ்டில் யாராவது ஒரு இளைஞன் விடுமுறைக்கு வந்திருப்பான். அவனும் "பாக்கவே ஒரு மாதிரி இருக்கு, வேற தீவு சொல்லுங்கோ" என்றிருப்பான். அவனை உனக்குப் பிடிக்குமா?

நான் இரண்டாம் தடவை போனபோது, ஒரு காலை லா ரெஸ்திங்காவில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். இரவு வந்த படகு ஒன்று துறைமுக மூலையில் கட்டிக் கிடந்தது. மஞ்சளும் பச்சையுமாகப் பூ வரைந்த படகு, உள்ளே ஒற்றைச் சப்பாத்துகள், நனைந்த ஜாக்கெட்டுகள். ஆட்களை ஏற்கனவே கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்து மேசையில் ஒரு சோடி அதைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தது. நான் எடுக்கவில்லை. ஒழுக்கத்தால் இல்லை, கை வரவில்லை.

கடைக்காரர் என் நிறத்தைப் பார்த்துவிட்டு எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். ஜெர்மனி என்றேன். "அதற்கு முன்னால்?" என்றார். பெர்லின் மதில், ரயில், அப்பா எல்லாவற்றையும் உடைந்த ஸ்பானிய மொழியில் சொன்னேன். தன் மாமா கராகாசில் இருக்கிறார் என்றார். கோப்பிக்குக் காசு வேண்டாம் என்றார். நான் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

தம்பி, உன் அட்டவணையை அனுப்பு. நவம்பருக்குக் கப்பல் நாட்களை நான் பார்த்துத் தருகிறேன். டின் மீன் கொண்டுபோகாதே.