குடும்பத்தில் சம்பளம் கேட்கலாமா?

தருமபுரி நாலு ரோடு பக்கம் மாடியில் இடம் பிடித்து சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கிய நண்பர் போனில் புலம்பினார். “லிங்க்டுஇன்ல விளம்பரம் போட்டேன். முந்நூறு லைக். வேலைக்குன்னு ஒருத்தன் வரலை. நம்ம ஊர்ல திறமைசாலியே இல்லை சார்!”

விளம்பரத்தை வாங்கிப் படித்தேன். ‘ராக் ஸ்டார்கள் தேவை. இது கம்பெனி அல்ல, குடும்பம். உலகை மாற்ற வாருங்கள்!’ என்ன வேலை? இல்லை. எத்தனை மணி நேரம்? இல்லை. சம்பளம்? மூச்! குடும்பத்தில் யாராவது சம்பளம் கேட்பார்களா என்று நினைத்துவிட்டார் போல.

லிங்க்டுஇன் 2003-ல் தொடங்கியது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலருக்கு அதை வாங்கியது. ஆள் தேடுபவரும் வேலை தேடுபவரும் சந்திக்க நல்ல இடம்தான். அதைச் சுயபுராண மடமாக்கியது நாம்தான்.

நான் பி.காம். படித்தவன். காசு கொடுத்து வாங்கிய ‘குட்வில்’லை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டலாம், நாமே வளர்த்துக்கொண்டதைக் காட்டக் கூடாது என்று ஒரு கணக்கு விதி உண்டு. தன் பெயருக்குத் தானே விலை போட்டால் எல்லாரும் கோடீஸ்வரர்தானே! லிங்க்டுஇன்னில் அந்த விதி இல்லை.

“அப்ப நல்ல ஆளை எப்படித்தான் பிடிக்கறது?” என்கிறீர்களா? பதில் அதே மாவட்டத்தில் இருக்கிறது.

1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே இருக்கும் சிட்லிங்கிக்கு வந்தார்கள். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஓராண்டுக்குள் இறந்த பள்ளத்தாக்கு அது. ஒரு குடிசையில் மருத்துவமனை. ஆஸ்பத்திரியும் கம்பெனியும் ஒன்றா என்று கேட்காதீர்கள். பணமில்லை, கட்டடமில்லை, நர்ஸ் வர மாட்டார் – புதுக் கம்பெனிக்காரர் புலம்புகிற அத்தனையும் அங்கே இருந்தது. அவர்கள் உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள், அறுவை சிகிச்சையில் உதவினார்கள். 147 என்ற எண் பின்னாளில் சுமார் 20-க்கு இறங்கியது. குடிசை, பெரிய மருத்துவமனை ஆனது.

சாஃப்ட்வேர் உதாரணமே வேண்டுமா? ஸோஹோ 2005-லேயே பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்துக் கற்றுக்கொடுத்து வேலையில் சேர்க்க ஆரம்பித்தது. பட்டம் கேட்கவில்லை.

இப்போது நண்பரின் வலையைப் பாருங்கள். தெரிந்தவருக்குத் தெரிந்தவர்தான் அதில் விழுவார். பெங்களூரில் பெரிய காலேஜில் படித்தவருக்கு ஆயிரம் தொடர்புகள். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பென்னாகரத்துப் பெண்ணுக்குப் பதினொன்று. அவள் விண்ணப்பம் உங்கள் கண்ணுக்கே வராது. ஊரில் திறமை இல்லை என்பது வேறு. உங்கள் வலையில் சிக்கவில்லை என்பது வேறு. இரண்டாவதை முதலாவது என்று சொல்வது பொய் மட்டுமல்ல, அநியாயம்.

லிங்க்டுஇன்னை மூடச் சொல்லவில்லை. முதல் வரியில் சம்பளத்தை எழுதுங்கள். இரண்டாவது வரியில் வேலை. மூன்றாவதில், தெரியாததை யார் கற்றுக்கொடுப்பார் என்பது. விண்ணப்பித்தவர்களுக்கு, ‘இல்லை’ என்றாவது பதில் போடுங்கள். அதே விளம்பரத்தைத் தமிழில் அச்சடித்து அரசுக் கல்லூரி நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள்.

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். “சம்பளத்தைப் போட்டா போட்டிக் கம்பெனிக்காரனுக்குத் தெரிஞ்சுடுமே சார்” என்றார். தெரியட்டுமே! அவர் நூறு ரூபாய் கூடக் கொடுத்தால், யாரோ ஒரு பிள்ளைக்கு நல்லதுதானே?

ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நில்லுங்கள். பெங்களூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடிக்கிற பிள்ளைகளைப் பாருங்கள். ஊரில் இல்லை என்று நீங்கள் சொன்ன திறமைசாலிகள் அவர்கள்தான்.