வெளியே கூட்டிட்டுப் போம்மா

வடக்கன்குளம் கோயில் கதை தோழர்களுக்குத் தெரிந்ததுதான். சாதிக்கொரு பக்கம் என்று 19ஆம் நூற்றாண்டில் கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகக் கட்டினார்கள். நடுச்சுவரை இடிக்க 1910 வரை ஆனது. ஒழுங்கு, அமைதி, பக்தி என்று பிரித்துவைப்பதற்கு எப்போதும் நல்ல நல்ல பெயர்கள் கிடைக்கும்.

அதே சொற்களை இன்று நம்ம சேரிக் கோயில்களிலேயே கேட்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளை பூசை நடுவே கைதட்டுகிறான், கத்துகிறான், பீடத்துக்கு முன்னால் ஓடுகிறான். நாலு தலை திரும்புது. "வெளியே கூட்டிட்டுப் போம்மா, பூசைக்கு இடைஞ்சலா இருக்குல்ல." அடுத்த ஞாயிறு அந்தத் தாய் வருவதில்லை. ஏன் வரலைன்னு எவனும் போய்க் கேட்பதுமில்லை. நம்மை வாசலில் நிறுத்தியவனுக்கு ஒரு பெயர் வைத்தோமே, இதுக்கு என்ன பெயர்?

சாதியும் ஆட்டிசமும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. சாதி மனிதன் செய்த அயோக்கியத்தனம். ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. ஒலியும் ஒளியும் தொடுதலும் பலருக்குப் பல மடங்காக வந்து தாக்கும். வெளியே தள்ளுவது மட்டும் ரெண்டு இடத்திலும் மனிதன் வேலை. அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதினார்கள். புற உலகம் ஒலிபெருக்கியாக வந்து காதைக் கிழிப்பதுதானய்யா அவன் பிரச்சினையே!

செபக்கூட்டக் கொடுமை வேறு. பேய் பிடித்திருக்கு என்று தலையை அமுக்கிக் கத்துகிறார்கள். இல்லாவிட்டால் பெத்தவள் செய்த பாவம். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு அந்தக் கணக்கையே மறுத்தார். யோவான் 9ஆம் அதிகாரம். போதகர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை போலும். நற்கருணை கேட்டால் 'அவனுக்கு என்ன புரியும்' என்கிறார்கள். உடல், மனக் குறையுள்ளோருக்கும் இயன்ற அளவு மறைக்கல்வி கிடைக்கப் பங்குத்தந்தை பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், எண் 777. சலுகை இல்லை, கடமை.

நாட்டுச் சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. 1995 ஊனமுற்றோர் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில் ஏறியது. சான்றிதழுக்கு அலைகிற ஒவ்வொரு நாளும் கூலிக்காரத் தாய்க்கு ஒரு நாள் கூலி போச்சு. தலித் கிறித்தவர் என்பதால் 1950 குடியரசுத் தலைவர் ஆணை அவளைப் பட்டியல் சாதியிலும் சேர்க்காது. கோயில் கதவும் சாத்தினால் எங்கே போவாள்?

நம்ம இயக்கம் மட்டும் யோக்கியமா? பறை நம் மானம். திடீரென்று காதருகே அடித்தால் அந்தப் பிள்ளை துடித்துப்போவான். பறையை நிறுத்தச் சொல்லவில்லை. எப்போது அடிப்போம் என்று முன்கூட்டிச் சொல்லுங்க. காதுக்குப் பஞ்சு, தள்ளி ஒரு நிழல், அங்கே துணைக்கு ஒரு தோழர். கோயிலில் ஸ்பீக்கரைக் குறைக்கலாம். சமாதானம் சொல்லும்போது அவன் கையைப் பிடிக்க வேண்டாம், கும்பிடு போதும். கைதட்டினால் தட்டட்டும். மற்றதை வளர்ந்த ஆட்டிசக்காரர்களிடமே கேட்போம். பேச்சு வராதவர் எழுதியோ படத்தைக் காட்டியோ சொல்லக்கூடும். நமக்காக அடுத்தவன் பேசியதை நாம ஒத்துக்கிட்டோமா?

எங்கள் பங்குப் பேரவைக்கு இதையெல்லாம் மனுவாக எழுதிவருகிறேன். கையெழுத்துப் போடுறவங்க வாங்க. அந்தத் தாய்மார்களையும் கூட்டிட்டு வாங்க, பிள்ளைகளோடு.