குடம்புளித் தோலும் மெலிய வைக்கும் மாத்திரையும்

காரக்கோணம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் பிழைக்க வந்த தமிழர்களுக்குக் குடம்புளி புதிதல்ல. பழத்தின் தோலை வெயிலில் உலர்த்திப் புகையிட்டால், மீன் குழம்புக்கான அந்தக் கறுப்புப் புளி கிடைக்கிறது. அதே தோலின் சத்து, உடலை மெலிய வைக்கும் மாத்திரையாகவும் விற்பனையாகிறது. காசு கொடுத்து வாங்குமுன் சற்று யோசிப்பது நல்லது.

மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூயிஸ், நீலகண்டன் ஆகிய இருவரும் 1965இல், குடம்புளியின் முக்கியமான புளிப்புச் சத்து ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம் என்று கண்டறிந்தனர். சர்க்கரை கொழுப்பாக மாற உதவும் ஒரு நொதியை அது தடுப்பது பின்னர் தெரியவந்தது. எலிகளிடம் பலனும் தெரிந்தது. வியாபாரிகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் மனிதர்களிடம்? 1998இல் அமெரிக்காவில் 135 பேரிடம் 12 வாரச் சோதனை நடந்தது. எல்லோருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. குடம்புளிச் சத்து உண்டவர்கள் சராசரியாக 3.2 கிலோ இளைத்தனர். மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்களோ 4.1 கிலோ! பத்தியம் செய்த வேலைக்கு மாத்திரை பெயர் வாங்குகிறது என்பதே இதன் பொருள். இத்தகைய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் கெட்டதையும் மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன.

குழம்பில் இடும் இரண்டு துண்டு வேறு. சாறு இறக்கித் தினமும் விழுங்கும் மாத்திரை வேறு. 'மூலிகைதானே' என்று நம்பி, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை இதில் கரைக்கலாகாது. நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது.