726 கடிதங்கள் எழுதிய டீச்சர்



ஆசிரியர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா தானாகவே ஏணிக்கும் மெழுகுவத்திக்கும் போய்விடுகிறது. இந்த மாதம் அந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, செப்டிமா பாயின்செட் கிளார்க் என்ற ஒரு டீச்சரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்லஸ்டன் அவருடைய ஊர். பிறந்தது 1898-ல். அப்பா அடிமையாகப் பிறந்தவர். அம்மா ஊராரின் துணிகளை வாங்கி வெளுத்துக் கொடுத்துக் குடும்பத்தை ஓட்டியவர். செப்டிமா பள்ளிப் படிப்பை முடித்த காலத்தில் சார்லஸ்டன் நகரத்து அரசுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களுக்கு இடமில்லை. அதனால் 1916-ல், பதினெட்டு வயதில், பக்கத்திலுள்ள ஜான்ஸ் தீவுக்கு வேலைக்குப் போனார். அங்கே 132 பிள்ளைகளுக்கு இரண்டே டீச்சர்கள். தலைமை ஆசிரியைப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்த செப்டிமாவுக்குச் சம்பளம் 35 டாலர். எதிர்ப்பக்கத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் பள்ளி. அங்கே மூன்று பிள்ளைகள், ஒரு டீச்சர், சம்பளம் 85 டாலர்.

கைக்குக் கிடைத்த சலவைக் கடைப் பைகள்தான் அவருடைய பாடப்புத்தகம். பள்ளிக்கு நடந்து வருகிற வழி, வழியில் விளைந்து நிற்பவை, வானத்தில் தெரிகிறவை என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல அந்தப் பைகளில் எழுதிச் சுவரில் மாட்டினார். தாங்கள் சொன்னதையே பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். பின்னாளில் அவர் செய்த பெரிய காரியத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது என்று நினைக்கிறேன்.

1920-ல் நெரி கிளார்க் என்ற கடற்படைக்காரரை மணந்தார். முன்பின் தெரியாத ஆள் என்று அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. முதலில் பிறந்த பெண் குழந்தை ஒரு மாதம்கூட இருக்கவில்லை. 1925-ல் மகன் பிறந்தான். அதே வருடம் கணவர் சிறுநீரகக் கோளாறில் இறந்துபோனார். செப்டிமாவுக்கு அப்போது 27 வயது. மறுமணம் செய்துகொள்ளவில்லை. டீச்சர் சம்பளத்தில் பிள்ளையை வைத்துச் சமாளிக்க முடியாமல், 1935-ல் மகனைக் கணவரின் பெற்றோரிடம் அனுப்பிவைத்தார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். அந்தப் பழமொழியை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கும், அப்போது அதே மாநிலத்தின் கொலம்பியா நகரில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த தாய்க்கும் அது எளிதாக இருந்திருக்காது.

வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கினார். கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம வேலைக்குச் சம சம்பளம் கேட்ட வழக்குக்குத் துணை நின்றார். 1945-ல் வழக்கு வென்றது.

1956-ல் தென் கரோலினா ஒரு சட்டம் போட்டது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கத்தில் அரசு ஊழியர்கள் யாரும் உறுப்பினராக இருக்கக் கூடாது. எத்தனையோ பேர் உறுப்பினர் அட்டையை ஒளித்து வைத்தார்கள். செப்டிமா டீச்சர் ஒளிக்கவில்லை. நாற்பது வருட வேலை போனது, ஓய்வூதியமும் போனது. வயது 58.

சும்மா இருக்காமல், இந்தச் சட்டத்தை எதிர்க்க வாருங்கள் என்று கறுப்பின ஆசிரியர்கள் 726 பேருக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். கல்வி அதிகாரியை நேரில் பார்க்க வருகிறோம் என்றவர்கள் 11 பேர். வந்து நின்றது அவரையும் சேர்த்து ஐந்தே பேர். வராதவர்களை அவர் திட்டவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அவர்கள் இன்னும் தயாராகாத ஒன்றுக்கு அவர்களைப் பிடித்துத் தள்ளினேன், அது என் தோல்வி என்று பிற்காலத்தில் சொன்னார்.

அந்த நாளில் தென் கரோலினாவில் ஓட்டுரிமை வேண்டுமென்றால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. எழுத்தறியாத கறுப்பின மக்களை வடிகட்டத்தான் அந்தத் தேர்வு. ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் பேருந்து ஓட்டிக்கொண்டே பயணிகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். ஆலிஸ் வைன் என்ற பெண்மணி மனப்பாடமாகவே ஒப்பித்தார். ஆனால் அவர் ஆசைப்பட்டது படிக்கக் கற்றுக்கொள்ள.

அப்போது டென்னசியில் ஹைலேண்டர் என்ற பயிற்சிப் பள்ளியில் பணியாற்றிய செப்டிமாவும் ஜென்கின்ஸும் சேர்ந்து 1957 ஜனவரியில் தீவில் ஒரு வகுப்பைத் தொடங்கினார்கள். முன்பக்கம் மளிகைக் கடை, பின்னறையில் பாடம். வெள்ளைக்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க அந்த ஏற்பாடு. டீச்சராக யாரைப் போடுவது? பட்டம் வாங்கியவர்களை அவர் தேடவில்லை. தன் உறவுக்காரப் பெண் பெர்னிஸ் ராபின்சனை வற்புறுத்தி வரவழைத்தார். பெர்னிஸ் அழகு நிலையம் நடத்தியவர், தையலும் தெரிந்தவர், எனக்கு டீச்சர் வேலை தெரியாதே என்று தயங்கியவர். முதல் நாள் வகுப்பில் 14 பேர். நான் டீச்சர் இல்லை, உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர்களிடமே கேட்டார் பெர்னிஸ். பெயரெழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும் என்றார்கள். அவைதான் பாடத்திட்டம். ஓட்டுக்கான அரசியல் சட்டம் அதற்குப் பின்னால்தான் வந்தது. 726 கடிதங்களில் நடக்காதது 14 பேரிடம் நடந்தது.

1961-ல் இந்த வகுப்புகள் மார்ட்டின் லூதர் கிங்கின் இயக்கத்தோடு சேர்ந்தன. 1970 வரை தென் மாநிலங்களில் இப்படி ஏறக்குறைய 900 பள்ளிகள். முடிதிருத்துகிறவர், விவசாயி, வீட்டு வேலை செய்கிறவர் எல்லாம் அங்கே டீச்சர்கள். இயக்கத்து ஆண்கள் மட்டும் இந்த அம்மாளை அவ்வளவாக மதிக்கவில்லை. எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்க வேண்டாம், மற்றவர்களையும் தலைவர்களாக்குங்கள் என்று கிங்குக்கு எழுதினார். கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தபோது சிரித்தார்களாம். கிங்கின்மேல் எவ்வளவு மரியாதை வைத்திருந்தாரோ அவ்வளவு தைரியமாக இந்தக் குறையையும் வெளியில் சொன்னார்.

1975-ல் அதே சார்லஸ்டனின் பள்ளி வாரியத்துக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார். அடுத்த ஆண்டு, பணிநீக்கம் அநியாயம் என்று ஆளுநர் ஒத்துக்கொண்டு ஓய்வூதியத்தைத் திருப்பித் தந்தார். இருபது வருடம் தாமதம். டீச்சர் 1987 டிசம்பரில் மறைந்தார்.

உங்கள் தெருவிலும் பட்டமில்லாமல் பாடம் சொன்ன பெர்னிஸ்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். பாராட்டுரை வேண்டாம். முதல் நாள் அவர் உங்களிடம் என்ன கேட்டார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதினால் போதும். வருகிற இதழ்களில் பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்