பிரமுகர் கையெழுத்து எதற்கு?

நோட்டரி உத்தியோகம் ஒன்றும் தெய்வாம்சம் பொருந்தியதல்ல. ஒருவன் நம் முன்னால் வந்தான், சத்தியம் செய்தான், கையெழுத்திட்டான் என்று எழுதி முத்திரை குத்துகிற வேலைதான். ஆனால் அம்முத்திரை இல்லாமல் கம்பம் பள்ளத்தாக்கில் ஏழைகளுக்கு எத்தனையோ காரியம் நடப்பதில்லை. பள்ளிச் சான்றில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் மற்றொரு பெயர் என்று இருக்கும் ஏலத்தோட்டக் கூலிப் பெண், அவ்விரண்டும் தானே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டுமானால் நோட்டரியிடந்தான் ஓட வேண்டியிருக்கிறது.

இந்த அதிகாரத்தை முன்பு கொடுத்து வந்தது யார் தெரியுமா? சீமையில் காண்டர்பரி ஆர்ச் பிஷப்பின் கோர்ட்! நம் ஊர்ப் பத்திரத்துக்குச் சீமைப் பாதிரியின் அனுமதி! 1952-ல் நோட்டரிச் சட்டம் வந்துதான் அந்த வெட்கக்கேடு தொலைந்தது. 1956-ல் விதிகளும் வந்தன. பத்து வருஷம் வக்கீல் தொழில் செய்தவர் மனுச் செய்யலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் ஆகியோருக்கு ஏழு வருஷம் போதுமென்று பின்னர் சலுகையும் சேர்ந்தது. சாட்சியிடம் சத்தியம் வாங்குவதில்கூடப் பிராமணனுக்கு ஒரு விதம், சூத்திரனுக்கு ஒரு விதம் என்று எழுதி வைத்த மனுதர்மத்தை நினைத்தால், இதை நாம் மனதார வரவேற்கிறோம்.

நிற்க, அதே விதிகள் வகுத்த மனுப் பாரத்தைப் பாருங்கள். மனுவில் ஒரு மாஜிஸ்திரேட், ஒரு தேசிய வங்கி மேனேஜர், ஒரு வியாபாரி, இவர்களோடு அவ்வட்டாரத்துப் "பிரமுகர்" இருவர் மேலொப்பம் இட வேண்டுமாம்!

பிரமுகர் என்றால் யார்? கோவில் திருவிழாவில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை வாங்குகிறவரா? நாலு பேரைக் கைகட்டி நிற்க வைக்கிறவரா? சேரியில் பிறந்து, உத்தமபாளையம் கோர்ட்டில் ஏழு வருஷம் வழக்காடிய ஒரு பெண் வக்கீல், எவர் வீட்டுத் திண்ணையில் தன் தகப்பன் உட்கார முடியாதோ, அவர் வீட்டு வாசலில் போய்க் காகிதத்தை நீட்ட வேண்டுமா? முந்தின மாதம் அவர்மேலேயே அவள் வழக்குப் போட்டிருந்தால் என்ன கதி? கூலிக்காரன் கையெழுத்து ஆகாது, வியாபாரி கையெழுத்துத்தான் ஆகும் என்பதற்கு என்ன காரணம்? பணம் வைத்திருப்பவன் பொய் சொல்லமாட்டான் என்பதா?

இப்பள்ளத்தாக்கு இதைவிடக் கொடியதைக் கண்டதுதான். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் பேரால் பிரமலைக் கள்ளர்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிந்து, கைரேகை எடுத்து, ஊர்விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டுக்கு அலைய வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல் அச்சட்டம் ஒழிந்தது. ரேகை வைத்தவனுடைய பேரன் இன்று பிறர் ரேகைக்குச் சாட்சி சொல்லும் நோட்டரியாகலாம். ஆனால் அதற்கும் ஊர்ப் பெரியதனத்தின் சீட்டு வேண்டுமென்றால், ராதாரி ஒழிந்ததா, உருமாறிற்றா?

ஒழுக்கத்துக்கு அத்தாட்சி வேண்டாமா என்பார்கள். வேண்டியதுதான். வக்கீல் சன்னது கொடுத்தது பார் கவுன்சில். வருஷக் கணக்காக அவர் நடத்தையைப் பார்த்தவர்கள் ஜட்ஜுகள். அவர்களைக் கேட்கட்டும். அதுவும் போதாதென்றால், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எந்த இருவரும் ஒப்பமிடலாம் என்று எழுதட்டும். பெரியகுளம், உத்தமபாளையம், போடி வக்கீல் தோழர்கள் "பிரமுகர்" என்ற வார்த்தையை அடித்துவிடும்படி தீர்மானம் போட்டுச் சர்க்காருக்கு அனுப்ப வேண்டுகிறோம். தீர்மானத்தின் கீழே கட்சிக்காரர்களான தோட்டத் தொழிலாளர்களின் கையெழுத்தையும் வாங்கியனுப்புங்கள்.