இரண்டாம் வழி

ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொண்டால் அச்சமில்லை என்பது உலகோர் எண்ணம். அது பாதி உண்மையே என்பது எமது துணிபு. ஒரே காரணத்தால் இரண்டும் கெடுமாயின், அவற்றை இரண்டென எண்ணுதல் வீண்.

இதற்குப் பழவேற்காட்டு ஏரியே சான்று. அங்குள்ள குப்பத்து மீனவருக்குக் கடலும் ஏரியுமாகப் பிழைப்பிடங்கள் இரண்டு உள. கடல் சீறும் நாளில் ஏரி சோறிடும். ஆயினும் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகுங் காலத்தில், படகுகள் கடலுக்குச் செல்ல வழியின்றி நிற்கும். கடலினின்று இறாலும் மீனும் ஏரிக்குள் வருதலும் குன்றும். ஒரு வாய் அடைபட, இரு பிழைப்பும் நலிகின்றன.

இந்நாளில் அம்மக்களுக்குப் புயலறிவிப்பைக் கொண்டுசேர்க்கும் செய்திவலைக்கும் இவ்வுண்மை பொருந்தும். செய்திக்கு வழிகாட்டும் ரூட்டர் என்னுங் கருவியை இரண்டாக நிறுவுதல் வழக்கம். ஆனால் இரண்டின் கம்பிகளையும் ஏரிமேலுள்ள ஒரே பாலத்தில் கொண்டுசென்று, இரண்டையும் ஒரே மின்னிணைப்பில் மாட்டிவிட்டால் பயன் யாது? 2008-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவுக்கு அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்னும் கடற்கம்பிகள் இரண்டும் அறுந்தபோது, இந்தியாவின் இணையத்தொடர்பு பெரிதும் தளர்ந்தது. கம்பிகள் இரண்டாயினும் அவை சென்ற வழி ஒன்றே.

கேட்டை உரிய நேரத்தில் அறிதலும் வேண்டும். 1998-இல் வெளியான வி.ஆர்.ஆர்.பி. என்னும் நெறியின் வழக்கமான அமைப்பில், தலைமை ரூட்டர் வினாடிக்கு ஒருமுறை தான் உள்ளதை அறிவிக்கும். ஏறக்குறைய மூன்று வினாடி அக்குரல் கேளாதாயின், துணை ரூட்டர் அப்பணியை ஏற்கும். ஆனால் ரூட்டர் நலமாயிருக்க, அதற்கப்பாலுள்ள கம்பி மட்டும் அறுந்தால்? தலைமை ரூட்டர் முன்போலவே கூவிக்கொண்டிருக்கும். துணை வாளா இருக்கும். செய்தியோ எங்குஞ் செல்லாது. ஆதலின், அப்பாலுள்ள இணைப்பையுங் கண்காணித்து, அது கெட்டவுடன் தலைமையை விட்டுக்கொடுக்குமாறு ரூட்டருக்குக் கட்டளை அமைத்தல் இன்றியமையாதது.

இஃது ஏட்டுச்சுரைக்காய் அன்று. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரைகடந்தபோது, திருவள்ளூர் மாவட்டத்தில் மின்சாரமும் கைப்பேசியும் நின்றுபோன ஊர்கள் பல. கரையினின்று 10 அல்லது 12 கிலோமீட்டருக்கு அப்பாற் சென்ற படகுக்கோ, நல்ல நாளிலும் கைப்பேசிக் கோபுரத்தின் குரல் எட்டுவதரிது. 2017-இல் ஒக்கிப் புயலில் குமரி மாவட்ட மீனவர் பலர் மாண்டனர். 2019-இல் இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் இந்திய விமான நிலைய ஆணையமும் ஜெமினி என்னும் கருவியை வெளியிட்டன. அது ககன் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெறும். கரைக்கோபுரம் சாய்ந்தாலும் அவ்வழி அடைபடாது. மெய்யான இரண்டாம் வழி இத்தகையதே.

சோதித்துப் பாராத துணையையும் நம்புதல் தகாது. அமைதியான நாளொன்றில், ஊராருக்கு முன்னறிவித்து, தலைமை ரூட்டரை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். நன்றாய் ஓடுவதை நிறுத்துவானேன் என்று வினவுவாரும் உளர். பகலில் ஐந்து நிமிடத் தடை பொறுக்கத்தக்கது. புயலிரவில் ஒரு மணி நேரத் தடையோ உயிர்களைக் கொள்ளும். நம் கல்லூரியில் பயின்று நாளை இப்பணியை ஏற்கும் மாணவர், கருவிகள் இரண்டு வாங்கியாயிற்று என்னும் பற்றுச்சீட்டோடு அமைதல் ஆகாது. இவை இரண்டும் எதனால் ஒருங்கே கெடும் என்னும் வினாவை முதற்கண் எழுப்புவாராக.